சரிவையும் அளந்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறக்கும் முன்பே ஆண்டுதோறும் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்துவிடும். நீலகிரி மாவட்டத்தில் மழைக்கால அபாயம் உள்ளவை என்று 283 இடங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன, அவற்றைக் கண்காணிக்க 42 மண்டலக் குழுக்கள், மக்களைத் தங்கவைக்க 456 முகாம்கள், ஆபத்தென்றால் அழைக்க 1077 என்ற எண். இந்த எண்கள் எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கே மனப்பாடம். அந்த முகாம்களில் ஒன்று, நான் இருபத்தாறு ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளிக்கூடம். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். முகாம் திறப்பது வரைக்கும் என்ன நடக்கும் என்பது செய்தியாக வருகிறது. முகாம் மூடிய மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பது வருவதில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பு கேத்தி பாலாடாவுக்கு மேலே, சரிவில் இருக்கிறது. என் அப்பா 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, இங்கே வந்து காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, ஓடைக்கு மேலே மண்ணை வெட்டித் தளம் போட்டு வீடு கட்டினார். கூட வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். சமதளத்தில் எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் தோட்டங்கள் இருந்தன. கடைசியாக வந்தவர்களுக்கு மிச்சமிருந்தது சரிவு.

2009 நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. 10-ஆம் தேதிக் கணக்கில், இருபத்துநான்கு மணி நேரத்தில் கேத்தியில் மட்டும் 82 சென்டிமீட்டர். சென்னை நகரத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையில் பாதிக்கும் மேல். மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலை துண்டு துண்டாகப் போனது. மலை ரயில் பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை.

மலையில் வெள்ளம் எப்படி வரும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. சமவெளியில் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும், வடியும், வடிந்த பிறகு சேற்றோடு வீடு அங்கேயே இருக்கும். எங்கள் ஊரில் தண்ணீர் நிற்காது. மேலே பாறைவரைக்கும் ஆள் உயரத்துக்கு மேல் செம்மண். பெய்தது எல்லாம் அதற்குள் இறங்கி, பாறையைத் தொட்டு, போக வழியில்லாமல் மண்ணையும் தூக்கிக்கொண்டு சரியும். முன்னறிவிப்பு உண்டு, ஆனால் வானொலியில் அல்ல. வீட்டில்தான். அந்த ஒன்பதாம் தேதி மாலை எங்கள் சமையலறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்று நினைத்தேன். குடிதண்ணீர் எடுக்கும் ஊற்று செங்கல் கரைத்தது போலச் சிவப்பாக வந்தது. என் மாமியார்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "இது மரம் ஊதியது இல்லை, சுவர் நகர்கிறது, பிள்ளைகளைக் கிளப்பு" என்றார். இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டோம். அன்றிரவு இரண்டு வகுப்பறைகளில் நூற்று முப்பது பேர்.

சத்துணவுப் பொருள் அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. அந்த அரிசி பள்ளிக் குழந்தைகளுக்கு உரியது. மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒரு படி எடுத்தாலும் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டும். தொலைபேசி இல்லை, சாலை இல்லை, யாரிடம் கேட்பது? அறையைத் திறந்தேன். மூன்று நாள் அந்த அரிசியும் பருப்பும்தான். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக முடியாமல் நின்ற கேரட்டையும் முட்டைக்கோசையும் மூட்டை மூட்டையாகத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து இறக்கினார்கள். விறகு நனைந்திருந்ததால் உடைந்த பெஞ்சுகளை எரித்தோம். பிறகு ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், இருப்புக் குறைவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே "வெள்ள நிவாரணத்துக்கு வழங்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நான்காம் நாள் வண்டிகள் வந்தன. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். யார் என்றே தெரியாத நமக்காக இவ்வளவு தூரம் வருகிறார்களே என்று பெண்கள் அழுதார்கள். அந்த நன்றியில் எனக்கு இன்றும் குறைவில்லை. ஆனால் வந்தவற்றில் பாதி, எங்கள் குளிருக்குப் போர்த்தக்கூட உதவாத மெல்லிய நூல் சேலைகள். ரொட்டி பூஞ்சை பிடித்து வராந்தாவில் குவிந்தது. ஒரே ஒருவர் மட்டும் புறப்படும் முன் எப்படியோ என் மகனின் கைப்பேசிக்கு அழைத்து, "அம்மா, என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அதை வாங்கி வருகிறேன்" என்று கேட்டார். திருப்பூரில் சிறிய பனியன் பட்டறை வைத்திருப்பவர். நான் குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்துக் காலடி அளந்து ரப்பர் பூட்ஸ் கணக்குச் சொன்னேன். மண்வெட்டி பத்து, கடப்பாரை நான்கு, கயிறு, தார்பாய், மாதவிடாய் நாப்கின், பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் மாத்திரையின் பெயர்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அழைத்த மூன்றாம் நாள் அப்படியே கொண்டுவந்தார். அந்த மண்வெட்டிகளில் இரண்டு இன்னும் எங்கள் குடியிருப்பில் இருக்கின்றன. உதவ நினைக்கும் உங்கள் வாசகர்கள் ஒவ்வொருவரும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்தால் போதும்.

பன்னிரண்டாம் நாள் முகாமை மூடினார்கள். பள்ளி திறக்க வேண்டும், வேறு வழியில்லை. மக்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் எழுத வந்தது இங்கிருந்துதான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு படி கீழே ஓர் அக்கா இருந்தார். கேரட் அறுவடைக்குப் போகிறவர். நள்ளிரவு தாண்டி எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் கேரட் பிடுங்கி, விடியும் முன் கழுவும் இடத்துக்கு ஏற்றிவிட்டு வருவார். அந்தக் கூலியில் கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய வீட்டுக்கு முன்னால் பத்தடிக்கு வாசல் இருந்தது. ஓரத்தில் ஒரு பேரிக்காய் மரம், அதனடியில் துணி துவைக்கும் கல். முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் மரம் இல்லை, கல் இல்லை, வாசலே இல்லை. கதவைத் திறந்தால் அரையடிக்கு மண், அதற்கப்பால் நாற்பதடிப் பள்ளம். வீடு மட்டும் கீறல்கூட இல்லாமல் நின்றது. அன்றிலிருந்து அவர்கள் முன்கதவை மரச்சட்டம் வைத்து அடைத்துவிட்டு, சமையலறைப் பின்கதவு வழியாகத்தான் போய்வந்தார்கள்.

சேதம் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. சறுக்கிச் சறுக்கி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். அக்காவின் வீட்டுக்குள் வந்து நான்கு சுவரையும் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நாடாவால் அளந்தார். "பகுதி சேதம்" என்று எழுதினார். நான் முன்கதவுச் சட்டத்தை நகர்த்தி அவருக்குப் பள்ளத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "படிவத்தில் வீட்டுக்குத்தான் கட்டம் இருக்கிறது அம்மா, வாசலுக்குக் கட்டம் இல்லை" என்றார். அவருக்குத் தொண்டை அடைத்ததை நான் பார்த்தேன்.

பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படிவத்தில் இன்னும் வாசலுக்குக் கட்டம் இல்லை. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறையில், மலைப்பகுதியில் வீடு முழுவதும் இடிந்தால் 1,30,000 ரூபாய். கல்வீட்டில் பகுதி சேதம், அதுவும் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், 6,500 ரூபாய். துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. நிலச்சரிவில் விளைநிலம் போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 உண்டு. ஆனால் அது பட்டா வைத்திருக்கும் விவசாயிக்கு. ஒரு கூலித்தொழிலாளியின் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த பத்தடி மண்ணுக்கு எந்த வரியிலும் பெயர் இல்லை. இந்த விதிகளை எழுதியவர்கள் மனத்தில் ஆற்றங்கரை வீடு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே சுவர் நின்றால் வீடு நின்றதாகத்தான் அர்த்தம். மலையில் அப்படி இல்லை. மலையில் முதலில் போவது சுவர் அல்ல, சுவருக்குக் கீழே இருப்பது.

அக்காவுக்குக் கிடைத்த பகுதி சேதத் தொகையில் மணல் மூட்டை அடுக்கினார். போதவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கி இன்னும் இரண்டு வரிசை அடுக்கினார். தடுப்புச் சுவர் கட்டித் தரச் சொல்லி ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அவர்கள் இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, இது தனியார் வீட்டுக்கான சுவர், பொது நிதியில் கட்ட இயலாது என்றார்கள். மனுவின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசிப் பானைக்கு மேல் வைத்திருந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, அதே ஐப்பசியில், யாரும் பேரிடர் என்று சொல்லாத ஒரு சாதாரண மழையில் வீடு போனது. நடு இரவு. மழை வலுத்தாலே பிள்ளைகளை எழுப்பி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்துவிடும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது, அதனால் மூவரும் பிழைத்தார்கள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு நிமிடம் கேட்டது, அவ்வளவுதான். காலையில் கேஸ் சிலிண்டர், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் புத்தகப் பை, மனு நகல்கள் எல்லாம் மண்ணுக்குள். வண்டிகள் வரவில்லை. நிருபர்களும் வரவில்லை. மறு கேஸ் சிலிண்டருக்குப் போனால் தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தொலைந்ததா அது? இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும், தோண்டத்தான் முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தார். பிறகு பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பு. படிப்பு அங்கே தொடரவில்லை, பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நன்றாகப் படிக்கிற பெண். கணக்குக்கு அவளிடம்தான் மற்றப் பிள்ளைகள் போய்க் கேட்பார்கள்.

ஒரு பேரிடரிலிருந்து ஊர் மீண்டதா இல்லையா என்று பார்க்க அரசிடம் என்னென்ன பதிவேடுகள் உண்டோ, நான் அறியேன். என்னிடம் இருந்தது சத்துணவுப் பதிவேடு. தினமும் எத்தனை குழந்தைகள் சாப்பிட்டார்கள் என்று எழுதும் நோட்டு. மழைக்கு முன் எழுதிய எண்ணுக்கும் இரண்டாவது ஜூனில் எழுதிய எண்ணுக்கும் இடையே பதினொரு குழந்தைகள் குறைந்திருந்தார்கள். யாரும் சாகவில்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கியிருந்தது. அவர்கள் எல்லாரும் நிவாரணப் பட்டியலில் "வழங்கப்பட்டது" என்ற கட்டத்துக்குள் இருப்பவர்கள்.

சுவர் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பின் மேல்பக்கம், நடைபாதையை ஒட்டி, ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். பார்க்க உறுதியான சுவர். கருங்கல், நல்ல சிமெண்ட் பூச்சு. எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் கட்டும்போதே போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர் வடியத் துளை விடவில்லையே என்றார். குத்தகைக்காரரின் ஆட்கள் கேட்டுக்கொள்ளவில்லை. "கல் மண்ணைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது" என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கும் முழுதாகப் புரியவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. பின்னால் தேங்கிய தண்ணீர் மண்ணோடு சேர்ந்து அழுத்தியிருக்கிறது. மூன்றாவது மழைக்காலத்தில் விழுந்தது. நல்ல வேளை, பகலில் யாரும் நடக்காத நேரம். அதற்குச் செலவழித்ததில் பாதிச் செலவில் கம்பி வலைக் கூண்டுக்குள் கல்லை அடுக்கியிருக்கலாம் என்று கொத்தனார் சொல்கிறார். கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் தானாக வடிந்துவிடும், மண் அசைந்தாலும் கூண்டு வளைந்து கொடுக்கும். அதைக் கட்ட வெளியூர் ஆள்கூட வேண்டாம், ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தால் எங்கள் பெண்களே அடுக்குவார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் இப்போது மண்ணுக்குள் இரும்பு ஆணி இறக்கி, மேலே புல் வளர்த்துச் சரிவைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அழகாகவும் பலமாகவும் இருக்கிறது. சாலைக்குச் செய்யத் தெரிந்தது குடியிருப்புக்குச் செய்யத் தெரியாமலா போகும்?

2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்திலேயே குந்தா பக்கம் மழை அடித்தது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஆறு பேர், இரண்டு மூட்டை அரிசியும் நாங்கள் அனுபவத்தில் கற்ற பொருள்களும் எடுத்துக்கொண்டு எமரால்டு பக்கம் போனோம். அங்கே முகாமில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரியவர் எங்களைத் தன் நிலத்துக்கு அழைத்துப் போனார். குத்தகை நிலம். உருளைக்கிழங்கு போட்டிருந்தாராம். நான் பார்த்தபோது அங்கே வெறும் மஞ்சள் அடிமண்ணும் சரளையும்தான் இருந்தன. மூன்று போகமாக லாரி லாரியாகக் கோழி எரு இறக்கிப் பதப்படுத்திய கறுப்பு மேல்மண் ஓடையோடு போய்விட்டது. "விதை தருகிறோம் என்கிறார்கள். எதில் போடுவது?" என்றார். பயிருக்கான நிவாரணமும் பட்டாவில் பெயர் உள்ள நில உரிமையாளருக்குப் போய்ச் சேர்ந்தது. எருக் கடன் இவர் தலையில் நின்றது.

பிறகு 2024 ஜூலை 30. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. எங்களுக்கு அது வேற்று மாநிலச் செய்தி அல்ல. கூடலூர், பந்தலூரிலிருந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் அவை. என் ஓரகத்தியின் உறவினர்கள் மேப்பாடியில் இருக்கிறார்கள். சில மாதம் கழித்துத் துக்கம் கேட்கப் போனேன். ராணுவத்தினர் ஒன்றரை நாளில் 190 அடி இரும்புப் பாலம் போட்டது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, வர வேண்டியதுதான். என் மனத்தில் நின்றது வேறு. வீடிழந்த குடும்பங்களுக்கு வாடகைக்கு மாதம் 6,000 ரூபாய் கேரள அரசு கொடுத்தது. பிழைப்பிழந்த குடும்பத்தில் இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் கொடுத்தது. கல்பற்றாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தை எடுத்து, குடும்பத்துக்கு ஏழு சென்ட்டில் ஆயிரம் சதுர அடி வீடு என்று 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. தாமதம் என்றும், பட்டியலில் பெயர் விடுபட்டது என்றும், கடன் தள்ளுபடி ஆகவில்லை என்றும் அங்கேயும் குறைகள் கேட்டேன். இருந்தாலும் எட்டாவது மாதத்திலும் ஓர் அரசாங்கம் அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் அக்காவுக்கு அந்த மாத வாடகை ஓராண்டு கிடைத்திருந்தால் அந்தப் பெண் பத்தாம் வகுப்பு எழுதியிருப்பாள். பெரிய சாவு நடந்தால்தான் நீண்ட நாள் உதவி என்று இருக்கக் கூடாது, ஐயா. ஒரு வீடு போன குடும்பத்துக்கும் அதே வாடகை, அதே குளிர்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். முதல் நிலைப் பொறுப்பாளர்களுக்கான, அதாவது ஆபத்தில் முதலில் உதவிக்கு ஓடும் உள்ளூர் ஆட்களுக்கான, பயிற்சிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அங்கே ஓர் அலுவலர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 15-ஆவது நிதிக்குழுவின் ஏற்பாட்டின்படி, மாநிலத்தின் பேரிடர் நிதி 100 ரூபாய் என்றால் 40 ரூபாய் உடனடி நிவாரணத்துக்கு, 30 ரூபாய் மீட்டெடுப்புக்கும் மறுகட்டுமானத்துக்கும், 10 ரூபாய் ஆயத்தத்துக்கு, மீதி 20 ரூபாய் பேரிடர் வருமுன் தடுப்பதற்கு. நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். முப்பதும் இருபதும் ஐம்பது. பாதிப் பணம் அரிசிக்கும் போர்வைக்கும் பிறகான காரியங்களுக்கு என்று விதியே சொல்கிறது. அந்தப் பாதியிலிருந்து எங்கள் நடைபாதைக்கும், மேல்வாய்க்காலுக்கும், அக்காவின் வாசலைப் போன்ற வாசல்களுக்கும் எவ்வளவு வந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

செய்யவும் வழி இருக்கிறது. ஊராட்சிகளில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் வாய்க்கால் தூர் எடுத்தார்கள், கல் அடுக்கினார்கள். கேத்தி பேரூராட்சி என்பதால் எங்களுக்கு அந்தத் திட்டமே இருந்ததில்லை. இந்த மலையில் பேரூராட்சி என்று பெயர் பெற்ற பல இடங்கள் உண்மையில் தோட்டங்களும் சிற்றூர்களும்தான். வேலை இழந்து நிற்பவர்கள் நாங்கள், வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தவர்களும் நாங்கள். மழை ஓய்ந்த தை, மாசியில் அந்த வேலையைக் கூலி கொடுத்து எங்களிடமே தரலாம். சேதம் கணக்கெடுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டலாம்: வீட்டுக்குக் கீழும் மேலும் மண் எவ்வளவு போனது, வெடிப்பு உண்டா, தண்ணீர் எங்கே இறங்குகிறது. கணக்கெடுக்க வந்த அந்தத் தம்பிக்கு அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் அவர் நிச்சயம் எழுதியிருப்பார். அதோடு, "பகுதி சேதம்" என்று எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த ஆவணிக்குள், அதாவது அடுத்த மழைக்கு முன், ஒருவர் திரும்ப வந்து பார்க்க வேண்டும். திரும்ப வருவது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

உங்கள் பத்திரிகையிடமும் கேட்கிறேன். 2009-இல் உங்கள் படங்களைப் பார்த்துத்தான் திருப்பூர்க்காரர் அழைத்தார், அதை மறக்கவில்லை. மழை பெய்யும்போது வரும் நிருபரை, பெய்யாத பங்குனியிலும் ஒரு முறை அனுப்புங்கள். அதே வீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நன்கொடை கொடுக்கும் அன்பர்களும் பத்தில் மூன்று பங்கை ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள். அப்போதுதான் பள்ளிக் கட்டணம், வாடகை முன்பணம், கம்பிக் கூண்டு, எருக் கடன் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று. முகாம் பட்டியலில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கழிவறைக்கு மேலே, சரிவில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. சென்ற புரட்டாசியில் புல் அறுக்கும்போது பார்த்தேன். வெடிப்பின் மேல்பக்கம் ஒரு மூங்கில் குச்சி, கீழ்ப்பக்கம் ஒரு குச்சி அடித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தேன். திங்கட்கிழமைதோறும் போய் அளக்கிறேன். முதல் திங்களில் நூல் தொய்வாக இருந்தது. மூன்றாம் திங்களில் விறைப்பாக நின்றது. இந்தத் திங்கள் போனபோது அறுந்து கிடந்தது. குச்சிகளுக்கு இடையே என் விரல்களால் அளந்தால் நான்கு விரற்கடை கூடுதல். புது நூல் கட்டிவிட்டு, தேதி போட்டு எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். 1077-க்கும் சொல்லியிருக்கிறேன். பதிவு செய்துகொண்டார்கள்.

மழை வலுத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தச் சரிவுக்குக் கீழேதான் வந்து படுக்கப்போகிறோம். யாரேனும் வந்து பார்க்கும்வரை, கீழே தேவாலயக் கூடத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நிருபர் வருவதானால் தீபாவளிக்கு முன் வரட்டும். காலை வேளை நல்லது, பதினொரு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் வெடிப்பு தெரியாது. பள்ளி வாசலில் கேட்டால் பிள்ளைகளே என் வீட்டைக் காட்டுவார்கள். ரப்பர் பூட்ஸ் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கேத்தி பாலாடா அருகில், நீலகிரி மாவட்டம்.